லைசென்ஸ் இருப்பவர்களும் போக வேண்டிய வகுப்பு: கொழும்பில் ஒரு மோட்டார் சைக்கிள் பாதுகாப்புப் பயிற்சி

"லைசென்ஸ்தான் இருக்கிறதே, இன்னொரு வகுப்பு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: நிறுத்தப் பழகுவதற்கு. ஓட்டுவதை எப்படியும் யாராவது சொல்லித் தந்துவிடுகிறார்கள். அண்ணனோ, மாமாவோ, லேர்னர்ஸ் மாஸ்டரோ, பக்கத்து வீட்டுப் பையனோ இருப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை அவசரத்தில், விழாமல், எவ்வளவு குறைந்த தூரத்தில் முடியுமோ அவ்வளவுக்குள் நிறுத்துவதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதையே முக்கியப் பாடமாக வைத்து நடத்துகிற ஒரு வகுப்புக்கு நானும் தம்பியும் போய்வந்தோம். பணமும் ஒரு விடுமுறை நாளும் செலவழிக்கத் தகுந்ததா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். வீடு வெள்ளவத்தையில். கிளினிக் வேலை முடிந்ததும் நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கு ஸ்கூட்டியில் போய் சிகிச்சை செய்கிறேன். தெகிவளை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, சில நாட்களில் வத்தளை வரைக்கும் போக வேண்டியிருக்கும். என்னிடம் வருகிறவர்களில் கணிசமான பேர் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தவர்கள். காலின் முன் எலும்பு உடைந்து கம்பி வைத்தவர்கள், கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு எலும்பு உடைந்தவர்கள். இவர்களை நடக்கவும் பிடிக்கவும் வைத்துவிடலாம். தோளில் விழுந்து, தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டு, கழுத்தில் இருந்து கைக்குப் போகிற நரம்புக் கற்றை அறுந்து வருகிற இளைஞர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பார்ப்பதுதான் கஷ்டம். வெளியில் ஒரு காயமும் தெரியாது. கை மட்டும் தொங்கும். பல பேருக்கு அது பழைய மாதிரி வருவதே இல்லை. இந்த நாட்டு வீதிகளில் வருடத்துக்கு 2000க்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள், அதில் பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தம்பி லைசென்ஸ் எடுத்து, இரண்டாம் கையாக ஒரு 150 சிசி பைக் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது என் மனதில் ஓடியது இவைதான். சரி, வாங்கு, ஆனால் முதலில் இந்த வகுப்புக்கு வா என்றேன். "அக்கா, நீங்களும் வருவதென்றால் வாறேன்" என்றான்.

வகுப்பை நடத்துபவர்கள் ஒரு சின்னக் குழு. பத்தரமுல்லைப் பக்கத்தில் தார் போட்ட ஒரு பெரிய வாகனத் தரிப்பிடத்தை வார இறுதியில் வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். ஒரு பயிற்சியாளருக்கு ஐந்து பேருக்கு மேல் எடுப்பதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறார்கள், விளம்பரமும் வேண்டாம் என்றார்கள். அதனால் பெயரைப் போடவில்லை. என்ன சொல்லித் தந்தார்கள், எது போதவில்லை என்று விவரமாக எழுதினால் நீங்கள் வேறு எங்கே சேரப் போனாலும் இதை வைத்துக் கேள்வி கேட்கலாம்.

இரண்டு வகுப்புகள். புதியவர்களுக்கு ஒன்று, ஏற்கெனவே ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒன்று. தம்பி முதலாவதில், நான் இரண்டாவதில்.

லைசென்ஸ் எடுக்கிற முறை இங்கே எப்படி என்று தெரியும்தானே. மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, எல் போர்டு, கடைசியில் ட்ரயல். ட்ரயலில் மோட்டார் சைக்கிள்காரர் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். கால் ஊன்றாமல், கோட்டை மிதிக்காமல் எட்டைச் சுற்றி வருவது சும்மா விஷயம் இல்லை, சமநிலை வேண்டும். ஆனால் நடக்கிற வேகத்தில் செய்கிற வேலை அது. லேர்னர்ஸ்காரர்களும் அந்த எட்டுக்குத்தான் ஆளைத் தயார் செய்கிறார்கள், ஏனென்றால் காசு கொடுக்கிறவர் கேட்பது பாஸை. அங்கே முன் பிரேக்கைப் பற்றி ஒரே ஒரு அறிவுரைதான் கிடைக்கும்: "அதைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்." தம்பிக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். எங்கள் வகுப்பில் ஓட்டித் தேர்ந்த ஒரு டெலிவரி தம்பிக்கும், ஸ்கூட்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற ஒரு அம்மாவுக்கும் அதே அறிவுரைதான் கிடைத்திருக்கிறது.

இந்த அறிவுரைதான் ஆபத்து என்று காட்டுவதில் பயிற்சியாளர் காலையின் பெரும்பகுதியைச் செலவழித்தார். வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதலில் அவரே ஓட்டிக் காட்டினார். ஒரு கூம்பு வைத்து, அதை மணிக்கு 40 கிலோமீற்றரில் தாண்டும்போது பின் பிரேக்கை மட்டும் மிதித்தார். பின் சில்லு இறுகி, கீச்சிட்டு, வண்டி வாலை ஆட்டிக்கொண்டு போய் நின்றது. அந்த இடத்தில் சோக்கால் ஒரு கோடு. அடுத்த முறை அதே வேகம், அதே கூம்பு, இரண்டு பிரேக்கும் சேர்த்து. ஒரு சத்தமும் இல்லாமல் ஏறத்தாழப் பாதித் தூரத்தில் நின்றார். இரண்டு கோட்டுக்கும் இடையில் எங்களை நடந்து பார்க்கச் சொன்னார். நடக்கிறபோதுதான் அது எவ்வளவு தூரம் என்று விளங்கியது. ஒரு ஓட்டோ முழுதாக நிற்கலாம், அதற்குப் பின்னால் இன்னொன்றும் நிற்கலாம்.

காரணத்தை ஒரு கேபிள் டையை வைத்துக் காட்டினார். தன் பைக்கின் முன் ஷொக்கில் உள்ள பளபளப்பான குழாயில் அதைச் சும்மா இறுகாமல் கட்டி, கீழே தள்ளிவிட்டார். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமரும், கீழ்ப்பகுதி மேலேறி வந்து அந்த டையைத் தள்ளிவிடும். நின்ற பிறகு டை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் எவ்வளவு பாரம் முன்னால் வந்தது என்று தெரியும். பின் பிரேக் மட்டும் பிடித்த பிறகு டை கொஞ்சமாகத்தான் நகர்ந்திருந்தது. இரண்டும் பிடித்தபோது மேலே வெகுதூரம் போயிருந்தது. பாரம் முன்னால் வர வர முன் டயர் தரையை இன்னும் அழுத்திப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிறது. அதனால் பிடிமானம் இருக்கிற இடமும் முன் சில்லுதான், நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கைச் செய்ய வேண்டியதும் அதுதான்.

ஆனால் பாரம் வந்து சேர ஒரு கணம் எடுக்கும். அந்தக் கணத்துக்கு முன்னால் லீவரை வெடுக்கென்று இழுத்தால், டயர் இன்னும் தரையை அழுத்தாத நிலையில் சில்லு இறுகிவிடும். ஆள் விழுவது அதனால்தான். முன் பிரேக்குக்குக் கெட்ட பெயர் வந்ததும் இந்த வெடுக்கென்ற இழுப்பால்தான். வகுப்பில் உதவியாளராக இருந்த கொட்டாஞ்சேனை அண்ணா ஒருவர் இதைத் தமிழில் அழகாகச் சொன்னார்: "தங்கச்சி, தேசிக்காய் பிழிகிற மாதிரி. முதலில் மெதுவாக, பிறகு இறுக்கி." அதற்குப் பிறகு எங்கள் குழுவில் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டு ஓட்டினோம்.

பிறகு எங்கள் முறை. 20இல் தொடங்கி, 30, 40 என்று கூட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பயிற்சியாளர் பார்ப்பது வேறு வேறு விஷயம். ஒரு முறை கண் எங்கே பார்க்கிறது என்று பார்ப்பார். சில்லைப் பார்த்தால் சத்தம் போடுவார், தூரத்தில் உள்ள மரத்தைப் பார்க்க வேண்டும். இன்னொரு முறை கை, முழங்கை விறைத்திருக்கிறதா என்று. அடுத்த முறை முழங்கால்கள் டேங்கை இறுக்கிப் பிடிக்கின்றனவா என்று. உடம்பைப் பற்றி வேலை செய்கிற ஆளாகச் சொல்கிறேன், இந்தக் கடைசி விஷயம் மிகச் சரி. காலாலும் வயிற்றுத் தசையாலும் உடம்பைத் தாங்காமல் கையால் ஹாண்டிலில் ஊன்றினால், பிரேக் பிடிக்கிற விரல்களுக்கு நுணுக்கமான அழுத்தம் கொடுக்க வராது. ஸ்கூட்டியில் டேங்க் இல்லை. எங்களுக்குப் பாதத்தை முன்பக்கத் தட்டில் ஊன்றி உடம்பைப் பின்னால் தாங்கச் சொன்னார்கள், அதுவும் வேலை செய்தது.

முன் சில்லு வழுக்குகிற மாதிரி இருந்தால் உடனே விட்டுத் திரும்பப் பிடி. பின் சில்லு இறுகி வால் ஒரு பக்கம் போய்விட்டால், திடீரென்று விடாதே, வண்டி நிமிர்ந்து உன்னை மறுபக்கம் வீசும், நிற்கும் வரை பிடித்துக்கொள். இவை இரண்டையும் வாயால் சொன்னார்கள், குறைந்த வேகத்தில் மண் தூவிய ஒரு பட்டையில் பின் சில்லை வழுக்கவும் விட்டார்கள்.

இந்த நாட்டில் இந்தப் பாடம் இன்னும் அவசியமாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாம் ஓட்டுகிற வண்டிகளில் பெரும்பாலானவை இந்தியத் தயாரிப்பு. இந்தியாவில் 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகாமல் தானே பார்த்துக்கொள்கிற அமைப்பு) கட்டாயம், அதற்குக் குறைந்தவற்றுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற அமைப்பாவது இருக்க வேண்டும். இங்கேயோ 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள், 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. தம்பி வாங்கப்போகிற பைக்கிலும் ஏபிஎஸ் கிடையாது. சில்லு இறுகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை இயந்திரம் செய்யாதபோது அவனுடைய விரல்கள்தான் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டார். பயிற்சியாளர் அதில் இருந்து சில விஷயங்களைச் சொன்னார். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதமானவர்கள் தாங்களாகவோ குடும்பத்தவரிடமோ நண்பர்களிடமோ பழகியவர்கள். அவசரத்தில் பலர் பின் பிரேக்கை மிதித்து வழுக்கியிருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. ஆபத்து தெரிந்து மோதும் வரைக்கும் கிடைத்த நேரம் இரண்டு விநாடி கூட இல்லை. அங்கே உள்ள வீதி வேறு, வண்டி வேறு, காலமும் வேறு. இருந்தாலும் அந்த இரண்டு விநாடியை நம் வேகத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஒரு விநாடிக்கு 14 மீற்றர் போகிறோம். கண்டு, விளங்கி, கை அசைய ஒரு விநாடி போய்விடும். நன்றாகப் பிரேக் பிடித்தால் காய்ந்த தாரில் நிற்க இன்னும் ஏறத்தாழ 14 மீற்றர் வேண்டும். 60இல் அந்த 14 மீற்றர் 20 ஆகிவிடும். 10 கிலோமீற்றர் கூடியதற்கு இவ்வளவு. இதைத் தம்பி தன் தொலைபேசியில் தானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நெடுநேரம் கதைக்கவில்லை.

திருப்பங்களைப் பற்றிய பகுதி சுருக்கமாக இருந்தது, எனக்கு அது போதும். போக வேண்டிய இடத்தைப் பார், பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குள்தான் போவாய். இடது பக்கம் திரும்ப இடது ஹாண்டிலை மெல்ல முன்னால் தள்ள வேண்டும் என்றதும் பல பேர் நம்பவில்லை. ஓட்டிப் பார்த்ததும் நம்பினார்கள். காலி வீதியில் திடீரென்று ஒரு கார்க் கதவு திறந்தால் விலகுவதற்கு இந்தத் தள்ளல்தான் உதவும்.

பின்னேரம் வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாராளுமன்ற வீதி, ராஜகிரிய, பொரளை வரைக்கும் போய்த் திரும்புவது. பயிற்சியாளர் பின்னால் வருவார், நின்ற இடத்தில் கதைப்பார். கொழும்புக்கென்றே யோசித்து அமைத்த பாடம் இது, வேறு ஊரில் படித்தால் இது கிடைக்காது.

பஸ்ஸின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். நூறாம் நம்பர் பஸ் காலி வீதியில் நடைபாதையோடு ஒட்டி நிற்காது, ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு நிற்கும். அந்த இடத்துக்குள் புகுந்து போகிற மோட்டார் சைக்கிள்களை தினமும் பார்க்கிறோம். பஸ்ஸின் வாசல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சேலை கட்டிய ஒரு வயதான அம்மா கையில் பையோடு படியில் இருந்து காலை வைக்கிற இடம் அது. அங்கே போகவே கூடாது என்பதை வேண்டுகோளாகக் கூட இல்லாமல் கட்டளையாகவே சொன்னார்கள், எனக்கு அது பிடித்தது. இடுப்பு எலும்பு உடைந்து வருகிற அம்மாமார்களை நான் பார்க்கிறேன்.

அப்புறம் இடைவெளி. நெரிசலில் நிற்கிற ஒரு பஸ் முன்னால் இடம் விட்டு நிற்கிறது என்றால், அந்த இடம் யாருக்கோ கொடுக்கப்பட்டது. எதிர்ப் பக்கத்தில் இருந்து வலது பக்கம் திரும்புகிற ஒரு வேனோ ஓட்டோவோ அதற்குள்ளால் வரப்போகிறது. பஸ்ஸின் மறைவில் வருகிற மோட்டார் சைக்கிள் அவர்களுக்குத் தெரியாது. ஹர்ட் அறிக்கையில், இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில் மற்ற வாகனம்தான் மோட்டார் சைக்கிளின் வழியை மறித்தது. பிழை அவர்களுடையது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம், ஆனால் கால் நம்முடையது. இடைவெளியைக் கண்டால் விரல் பிரேக்கில் இருக்க வேண்டும், வேகம் முன்கூட்டியே குறைய வேண்டும்.

ஓட்டோவின் சிக்னல் லைட்டை நம்பாமல் அதன் முன் சில்லைப் பார்க்கச் சொன்னார்கள். சில்லு திரும்பாமல் ஓட்டோ திரும்ப முடியாது. இதை இப்போது ஆமர் வீதிச் சந்தியில் ஒவ்வொரு முறையும் செய்கிறேன், பல தடவை உதவியிருக்கிறது. மழை தொடங்கும்போது தூசியும் எண்ணெயும் கலந்து வீதி மிகவும் வழுக்கும் என்பதும், பாதசாரிக் கடவையின் பெயின்ட், வீதி நடுவில் உள்ள இரும்பு மூடிகள், மரைன் டிரைவில் ஓரத்தில் சேர்கிற மணல் ஆகிய மூன்றின் மேலும் பிரேக்கோ திருப்பமோ கூடாது என்பதும் அங்கேதான் சொல்லப்பட்டன. முன்னால் போகிற வாகனத்துக்கு இரண்டு விநாடி இடைவெளி விட வேண்டும் என்றபோது டெலிவரி தம்பி, "சேர், இடம் விட்டால் நாலு பேர் புகுந்துவிடுவார்கள்" என்றார். "புகட்டும், திரும்பப் பின்னால் எடு" என்றார் பயிற்சியாளர். அன்றைக்கு அப்படியே ஓட்டிப் பார்த்தோம். பொரளைக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

உடை, தலைக்கவசம் பற்றிய பாடம் மதிய உணவுக்கு முன் நடந்தது. இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. தலைக்கவசம் சாவுக்கான ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காயத்துக்கான ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வு சொல்கிறது. ஆனால் தலையில் இருந்தால் போதாது, தலையோடு நிற்க வேண்டும். பயிற்சியாளர் ஒவ்வொருவரின் கவசத்தையும் பட்டி பூட்டிய நிலையில் பின்னால் பிடித்து முன்னோக்கி உருட்டிப் பார்த்தார். சிலருடையது அப்படியே கழன்று வந்தது, பொலிஸுக்குக் காட்டுவதற்காக அணிகிற தொப்பிகள் அவை. இலங்கைத் தரநிலையான எஸ்எல்எஸ் 517 முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒரு பழைய கவசத்தை வாளால் இரண்டாக அறுத்து வைத்திருந்தார்கள். வெளி ஓட்டுக்குள் இருக்கிற ரெஜிபோம் (லேசான வெள்ளை நுரைப் பலகை) ஒரு இடத்தில் விரல் நகம் அளவுக்கு நசுங்கி இருந்தது. வெளியில் ஒரு கீறல் மட்டும்தான். அந்த நசுங்கல்தான் மண்டைக்குப் போக வேண்டிய அடியை வாங்கியது, ஒருமுறை நசுங்கினால் அது திரும்ப எழும்பாது. அடிபட்ட கவசத்தைத் தம்பிக்கோ மச்சானுக்கோ கொடுக்காதீர்கள். தம்பி அதை வாங்கி நெடுநேரம் விரலால் தடவிப் பார்த்தான்.

செருப்போடு வந்த இருவரை மைதானத்துக்குள் விடவில்லை. கணுக்கால் மூடிய சப்பாத்து கட்டாயம் என்று பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தார்கள், அதனால் இது நியாயம்தான். ஆனால் பெண்களின் உடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுடிதாரின் ஷோல் பின் சில்லிலோ செயினிலோ சிக்கினால் கழுத்தை இறுக்கும். சேலை கட்டி ஒரு பக்கமாகக் காலைப் போட்டுப் பின்னால் உட்காருகிற அம்மாமாரை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! அந்தப் பாரம் ஒரு பக்கம் சாய்வது பிரேக்கிலும் திருப்பத்திலும் என்ன செய்யும் என்று காட்டியிருக்க வேண்டும். பின்னால் ஆளை வைத்து ஓட்டுவதற்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. டேங்குக்கு மேல் சின்னப் பிள்ளையை இருத்திக்கொண்டு போவதைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் கதைத்தார்கள்.

மொழி பெரிய குறை. பயிற்சி சிங்களத்தில்தான் நடக்கிறது, இடையிடையே ஆங்கிலம். கொட்டாஞ்சேனை அண்ணா இருந்ததால் தமிழ் மட்டும் தெரிந்த இருவர் சமாளித்தார்கள், ஆனால் அவர் ஒருவர், குழுக்கள் இரண்டு. புதியவர்கள் குழுவில் இருந்த ஒரு தம்பி மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தான். பிரேக்கை எப்போது விட வேண்டும், எப்போது விடக்கூடாது என்பது பார்த்துப் புரிகிற விஷயம் இல்லை. கொடுத்த கையேடும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். லைசென்ஸுக்கான எழுத்துப் பரீட்சையையே தமிழில் எழுதலாம் என்கிறபோது உயிரைக் காப்பாற்றுகிற பாடம் தமிழில் இருக்க வேண்டும். நானே மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார்கள், முதல் பக்கங்களை அனுப்பியும்விட்டேன்.

ஈர வீதியில் பிரேக் பிடிக்கிற பயிற்சி இல்லை. கொழும்பில் மே மாதம் தொடங்கினால் மழை, ஒக்டோபரிலும் நவம்பரிலும் பின்னேரம் பின்னேரம் இடியோடு மழை. தண்ணீர் பவுசர் ஒன்றைக் கொண்டுவந்து ஒரு பட்டையை நனைப்பது முடியாத காரியமா? இரவு ஓட்டமும் இல்லை. பெண்களுக்கு மலசலகூடம் தூரம், வெயிலுக்கு ஒதுங்க ஒரே ஒரு கூடாரம். இவற்றைச் சரிசெய்வது சுலபம்.

தம்பியின் வகுப்பைப் பற்றி அவனிடமே கேட்டேன். "எட்டுப் போடும்போது கிளச்சைப் பாதி பிடித்துக்கொண்டிருந்தேன், ஏன் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்" என்றான். கிளச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதை அவர்கள் வண்டியை முன்னும் பின்னும் அசைத்து அசைத்தே நெடுநேரம் செய்யவைத்திருக்கிறார்கள். வகுப்பு வண்டியைத் தருகிறார்கள், 100 சிசி, உயரம் குறைந்தது. சொந்த வண்டியை விழுத்திவிடுவோமோ என்ற பயம் இல்லாததால் பிள்ளைகள் தைரியமாகப் பழகினார்கள். ஆனால் உயரம் குறைந்த பெண் பிள்ளைகளுக்கு அந்த வண்டியிலும் கால் முழுக்க எட்டவில்லை. ஸ்கூட்டி ஒன்றும் வைத்திருந்தால் நல்லது.

இவ்வளவையும் படித்துவிட்டு, இந்த வகுப்புக்குப் போனால் விபத்தே வராதா என்று கேட்காதீர்கள். மோட்டார் சைக்கிள் பயிற்சிகள் விபத்தைக் குறைக்கின்றனவா என்று 2010இல் இன்னொரு கொக்ரேன் மீளாய்வு பார்த்தது. கிடைத்த ஆய்வுகளின் தரம் போதாததால் உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை என்றே அது சொன்னது. நான் பார்த்தவரையில் வகுப்பு தருவது, கை பழகுவதற்கான ஒரு தொடக்கம். தசைக்கு ஒரு அசைவைப் பழக்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஒரு நாளில் கற்றது திரும்பச் செய்யாவிட்டால் போய்விடும். இப்போது ஞாயிறு காலைகளில், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு வாகனத் தரிப்பிடத்தில், தம்பியும் நானும் கூம்புக்குப் பதில் தண்ணீர்ப் போத்தல் வைத்து 30இலும் 40இலும் நிறுத்திப் பழகுகிறோம். முதலில் பார்த்துச் சிரித்த காவலாளி அண்ணா இப்போது தன்னுடைய பைக்கையும் கொண்டுவருகிறார்.

கட்டணம் ஒரு நல்ல முழுமுகத் தலைக்கவசத்தின் விலைக்குக் கிட்ட வருகிறது. கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் கவசத்தை வாங்குங்கள், வகுப்புக்கு அடுத்த மாதம் போகலாம். கவசம் ஏற்கெனவே இருந்தால் வகுப்புக்குத் தயங்காதீர்கள். எட்டுப் போட்டு அண்மையில் லைசென்ஸ் எடுத்தவர்கள் புதியவர்களுக்கான வகுப்பையே எடுங்கள், "எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே" என்று மேலே போனால் கிளச் பாடம் தவறிவிடும். நாள் முழுக்க வீதியில் நிற்கிற டெலிவரிக்காரர்களுக்கு இரண்டாவது வகுப்பு மிகவும் பயன்படும். அவர்களை வேலைக்கு வைத்திருக்கிற நிறுவனங்கள் இந்தக் காசைக் கட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சிங்களம் அவ்வளவாகத் தெரியாதவர்கள் பதிவு செய்யும்போதே தமிழில் சொல்லித் தர ஆள் உங்கள் குழுவில் இருப்பாரா என்று கேட்டு, இருப்பார் என்ற நாளையே எடுங்கள்.

போகிற அன்று கணுக்கால் மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, கையுறை, இரண்டு போத்தல் தண்ணீர். சொந்த வண்டியில் போகிறவர்கள் டயரில் காற்றைப் பார்த்து, முன் பிரேக் லீவர் ஹாண்டிலைத் தொடாமல் இறுகுகிறதா என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். இல்லாவிட்டால் பாதிக் காலை பிரேக் சரிசெய்வதிலேயே போய்விடும். மைதானம் எட்டு மணிக்கே சுடத் தொடங்கிவிடுகிறது, ஏழு மணிக் குழுவைக் கேட்டு வாங்குங்கள்.